நல்ல டிபிஏ ஆக, முதலில் ரீஸ்டோர் பழகுங்கள்

பெங்களூருக்கு வேலை தேடி வரும் நம்மவர்கள் மாரத்தஹள்ளியிலோ பிடிஎம் லேஅவுட்டிலோ கோர்ஸ் சேர்ந்து டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் படித்துவிடுகிறார்கள். ஆனால் அழிந்துபோன டேபிளை எத்தனை நிமிடத்தில் மீட்பீர்கள் என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. டிபிஏவுக்கு, அதாவது டேட்டாபேஸைப் பராமரிப்பவருக்கு, சம்பளம் தருவதே அந்தப் பதிலுக்காகத்தான். அதனால் பயிற்சியை அங்கிருந்தே தொடங்குங்கள்.

16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் தாராளம். லினக்ஸில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸை நிறுவி, கூடவே வரும் பிஜிபெஞ்ச் என்ற சோதனைக் கருவியை ஸ்கேல் 100 வைத்துத் தொடங்கினால் 1 கோடி வரிகளோடு ஒரு டேபிள் கிடைக்கும். மொத்தம் சுமார் 1.5 ஜிபி. ஆர்க்கைவ் மோடை ஆன் செய்து, வால் (WAL) கோப்புகள், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் கோப்புகள், தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஆர்க்கைவ் கமாண்டை அமையுங்கள். அதே பெயரில் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அந்தக் கமாண்ட் அதன் மேல் எழுதாமல் பிழை தர வேண்டும். பிறகு பிஜி பேஸ்பேக்கப் கருவியால் முழு நகல் எடுத்து, பிஜிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட்டி, மணியைக் குறித்துக்கொண்டு, பெரிய டேபிளை டிராப் செய்யுங்கள்.

இனி மீட்க வேண்டும். பேக்கப்பைப் புதிய டைரக்டரியில் வைத்து, வேறு போர்ட் கொடுத்து, வால் கோப்புகளை எடுத்துவரும் ரீஸ்டோர் கமாண்டையும், எந்த நேரம்வரை மீட்க வேண்டும் என்ற ரெக்கவரி டார்கெட் டைமையும் எழுதி, ரெக்கவரி.சிக்னல் என்ற காலிக் கோப்பை உருவாக்கித் தொடங்குங்கள். பலர் தடுக்கி விழுவது நேரத்தில்தான். சர்வர் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும்போது நம் கடிகாரத்தைப் பார்த்து 11:40 என்று எழுதினால் அது ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போய்விடும். கடைசியில் +05:30 சேர்த்தே எழுதுங்கள். வால் கோப்பு 16 எம்பி. அது நிறையும் முன் ஆர்க்கைவுக்குப் போகாது, ஆகவே கடைசி நிமிடங்கள் கிடைக்காமல் போகலாம். பயிற்சியில், நிறையாத கோப்பையும் அனுப்பவைக்கும் பிஜி ஸ்விட்ச் வால் கொடுத்துவிடுங்கள். நிஜ சர்வரில் அதைத் தானாகச் செய்யும் ஆர்க்கைவ் டைமவுட்டை 60 வினாடி வையுங்கள். குறித்த நேரத்தை எட்டியதும் ரெக்கவரி தானாக நிற்கும். தொங்கிவிட்டதென்று கில் செய்யாதீர்கள், டேட்டாவைச் சரிபார்த்துவிட்டு, தொடரச் சொல்லும் ரெஸ்யூம் கமாண்டைக் கொடுங்கள். மீட்ட நகலில் ஆர்க்கைவை அணைக்க மறந்தால் இரண்டு சர்வர்களின் வால் கோப்புகளும் ஒரே ஃபோல்டரில் போய்ச் சேரும்.

2017 ஜனவரி 31 அன்று புரோகிராமர்களின் கோடைச் சேமித்துவைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் முதன்மை சர்வரின் டேட்டா டைரக்டரி தவறுதலாக அழிக்கப்பட்டது. அங்கிருந்த போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, பேக்கப்புக்கு ஓடியதோ 9.2 பதிப்பின் பிஜி டம்ப் கருவி. அது ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டதால் எவருக்கும் தெரியவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நகல்) ஒன்று இருந்ததால்தான் மீதி பிழைத்தது. ஜாப் பச்சையாக இருக்கிறது என்பதை நம்பாமல், வாரம் ஒருமுறை தனி மெஷினில் ரீஸ்டோர் ஓடவிட்டு, வரிகளை எண்ணி, ஆன நேரத்தைக் குறித்து வையுங்கள்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் உங்கள் பொறுப்பு. பேமெண்ட் டேட்டா இந்தியாவில் மட்டுமே இருக்க வேண்டும் என்பது 2018-இல் ரிசர்வ் வங்கி இட்ட உத்தரவு. உங்கள் சர்வர் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸில், மும்பையில் ஓடுகிறதென்றால் இரண்டாம் நகலுக்கு அதன் ஹைதராபாத் ரீஜன் இருக்கிறது.

அடுத்தது லாக், அதாவது ஒருவர் வேலை முடியும்வரை டேபிளில் மற்றவர்களைக் காக்கவைக்கும் பூட்டு. ஆல்டர் டேபிள் கமாண்டால் ஒரு காலம் (நெடுவரிசை) சேர்க்க மில்லிசெகண்டுதான் ஆகும். ஆனால் அதே டேபிளில் யாரோ ஒரு ரிப்போர்ட்டை அரை மணி நேரமாக ஓட்டிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். அதன் பின்னால் வரும் சாதாரண செலக்ட் கூட வரிசையில் நிற்கும், ஆப் முழுக்க உறைந்துவிடும். முதலில் லாக் டைமவுட்டை 3 வினாடி வைத்துவிட்டு ஆல்டர் கொடுங்கள். தோற்றால் பிறகு முயலலாம். இண்டெக்ஸ் போடும்போது, டேபிளில் எழுதுவதைத் தடுக்காமலிருக்க, கன்கரண்ட்லி என்ற சொல்லைச் சேர்க்க மறக்காதீர்கள். பாதியில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று மிஞ்சும், அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். வெள்ளி மாலை மடிவாளாவில் ஊர் பஸ் ஏறப்போகும் நேரத்தில் இவற்றில் எதையும் தொடவே கூடாது.

மாற்றியும் அழித்தும் மிஞ்சிய பழைய வரிகளை (செத்த வரிகளை) துடைப்பதுதான் வேக்யூம். அதைத் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. டேபிளில் 20 சதவீதம் மாறினால்தான் அது கிளம்பும் என்பது டிஃபால்ட். 10 கோடி வரிகள் உள்ள டேபிளில் 2 கோடி செத்த வரிகள் சேரும்வரை அசையாது. அத்தகைய டேபிளுக்கு மட்டும் அந்த விகிதத்தை, அதாவது ஸ்கேல் ஃபேக்டரை, 0.01 ஆக்குங்கள். யாரோ பிகின் கொடுத்து டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, எதையோ மாற்றிவிட்டு, கமிட் செய்து முடிக்காமல் எழுந்து போனால் வேக்யூம் ஓடியும் பயனில்லை. அந்த டிரான்ஸாக்ஷன் தொடங்கிய பிறகு செத்த வரிகளை அது துடைக்காது. அப்படிச் சும்மா கிடப்பதைத் துண்டிக்கும் ஐடில் இன் டிரான்ஸாக்ஷன் டைமவுட் ஒன்றை வைத்துவிடுங்கள், நீண்ட ரிப்போர்ட்டுகளை ரெப்ளிகாவுக்கு (நகல் சர்வருக்கு) அனுப்புங்கள். டிரான்ஸாக்ஷன் எண்ணின் வயதையும், அதாவது மிகப் பழைய எண்ணுக்குப் பின் எத்தனை எண்கள் கடந்துவிட்டன என்பதையும், வாராவாரம் பாருங்கள்: 20 கோடியில் ஆட்டோவேக்யூம் தானே கிளம்பும், அப்படியும் முடிக்க முடியாமல் 200 கோடியை நெருங்கினால் போஸ்ட்கிரெஸ் புதிதாக எதையும் எழுத விடாது.