டியூலிப் ஆசையும் கண்வலிக் கிழங்கும்: கடலோரக் கொல்லையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வறண்ட மணல், நல்ல வெயில் இருந்தால் போதும், காட்டு டியூலிப் வரும்" என்று படித்துவிட்டு, ராமநாதபுரம் கடலோரத்தில், தொண்டியிலும் மண்டபத்திலும் கிழங்கு வாங்க நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் முதல் தவறு. அங்கே சொல்லும் வறட்சி நடு ஆசிய மலைச்சரிவின் வறட்சி. கோடையில் காய்ந்து கிடக்கும் அந்தக் கிழங்கு, பிறகு 12 வாரமாவது 9 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்து கிடந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். நமக்கு மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகையை ஒட்டித்தான் நிற்கிறது.

கோடையில் உறங்கி எழும் கிழங்குச்செடிதான் ஆசை என்றால், செங்காந்தள் இருக்கிறதே! நம் மாநிலப் பூ. வேதாரண்யம் மணலில் அதைக் கண்வலிக் கிழங்கு என்று பயிராகவே போடுகிறார்கள்.

இதில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது தண்ணீரில். மழைக்காலம் முடிந்ததும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். செத்துவிட்டதோ என்று பதறி ஊற்றுவோம். முதல் வருஷம் நானும் பங்குனி முழுக்க ஊற்றினேன். ஆடியில் தோண்டினால் ஆறு கிழங்கும் கூழாகிக் கிடந்தன. இன்றைக்கும் அந்த வாடை நினைவிருக்கிறது. கொடி காய்ந்தால் கிழங்கு உறங்குகிறது என்று பொருள். மறுபடி முளை தெரியும்வரை அந்தப் பக்கம் குடத்தோடு போகாதீர்கள். முளைத்த பிறகும் உப்பேறிய போர்வெல் தண்ணீர் வேண்டாம், பிடித்துவைத்த மழைநீர் நல்லது. ஐப்பசி அடைமழையில் தண்ணீர் தேங்கினாலும் அழுகும் என்பதால் மேட்டுப்பாத்தி அவசியம்.

நடும்போது கிழங்கை ஒடிக்காதீர்கள். கலப்பை போல் இரு கிளையாக இருக்கும், முளை நுனியில் மட்டுமே உண்டு. நுனி போனால் அந்தக் கிளை வீண். காட்டில் தோண்டி எடுப்பதும் கூடாது, பயிர் செய்பவர்களிடம் வாங்குங்கள்.

கம்பிப் பந்தல் தேவையில்லை. கிளுவை வேலியோரம் நட்டால் இலைநுனியே சுருண்டு பற்றி ஏறும், பூவுக்கு வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வரும். கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த புழுவைக் கண்டதும் மருந்தடிக்கிறார்கள். எனக்கு மனசு கேட்பதில்லை. அது இந்தச் செடியை நம்பி வாழும் அந்துப்பூச்சியின் பிள்ளை. மிகுந்துபோனால் மட்டும் குச்சியால் எடுத்து வேறொரு காந்தள் கொடியில் விடுங்கள்.

கடைசியாக, உயிர் சம்பந்தப்பட்டது. வேர் முதல் விதை வரை கொல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. எடுத்த கிழங்கை அடுக்களையில் சர்க்கரைவள்ளியோடு போட்டுவைக்காதீர்கள், தொட்ட கையைக் கழுவுங்கள். ஆடு வளர்க்கிற வீடானால் அவை எட்டும் இடத்தில் நடவே வேண்டாம்.