ஒரே பத்தியில் தமிழும் ஆங்கிலமும்: லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரில் எழுத்துரு அமைப்பது
எங்கள் சிற்றிதழின் பக்கங்களை லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் என்ற இலவச எழுத்து மென்பொருளில்தான் வடிவமைக்கிறேன். கலப்பு வரிகளில் ஒவ்வொரு சொல்லாகத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றாதீர்கள். எஃப்11 அழுத்தினால் பாணிகளின், அதாவது பெயரிட்டுச் சேமித்த வடிவமைப்புகளின், பட்டியல் திறக்கும். பத்திப் பாணியை வலச்சொடுக்கித் திருத்தப் போனால், மேற்கத்திய எழுத்துக்கு ஓரிடமும் தமிழ் போன்ற எழுத்துமுறைகளுக்கு இன்னோர் இடமும் இருக்கும். இரண்டாவது தெரியாவிட்டால், விருப்பங்களில் மொழி அமைப்புக்குப் போய் இயக்குங்கள். தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் 11 புள்ளி, ஆங்கிலத்துக்கு லிபரேஷன் செரிஃப் 12 புள்ளி: இது என் தேர்வு.

நூல் பெயர்களுக்குத் தனி எழுத்துப் பாணி உருவாக்குங்கள். ஆனால் தமிழைச் சாய்க்காதீர்கள்! பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வெழுத்து கிடையாது. மென்பொருள் தானாகச் சாய்த்துத் தருவது கண்ணை உறுத்தும். தடித்த எழுத்தே அழகு.

வெளியிலிருந்து ஒட்டிய பகுதி அடம்பிடித்தால், அதைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்+எம் அழுத்துங்கள். கையால் செய்த வடிவமைப்பு நீங்கி, பாணி மட்டும் நிற்கும்.