திபெத்தின் பழைய உயரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எவரெஸ்ட் உச்சியில் கடல் உயிரிகளின் எச்சங்கள் இருக்கின்றன. உண்மைதான். உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். 45 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமில்லாத கடலடியில் படிந்தது. டிரைலோபைட்டுகள் என்ற, அழிந்துபோன கடல் உயிரிகளின் ஓட்டுச் சில்லுகள்கூட அதில் உண்டு. ஆனால் இமயமலையும் அதற்கு வடக்கே இருக்கும் திபெத் பீடபூமியும் எப்போது உயர்ந்தன என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தேன் என்பதோடு அதன் சாட்சி முடிந்துவிடும். இந்தியா ஆசியாவின் மேல் முட்டியது சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். நடுவில் 40 கோடி ஆண்டுகள் கிடக்கின்றன. ஒருவருடைய பிறந்த தேதியை வைத்துக்கொண்டு அவர் எப்போது மாடி வீட்டுக்குக் குடிபோனார் என்று சொல்ல முடியுமா?

பழைய உயரத்தை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. ஆய்வாளர்கள் அளப்பது மழைநீரின் வேதியியலை, இலையின் வடிவத்தை, ஒரு தாது எப்போது குளிர்ந்தது என்பதை. உயரம் அதிலிருந்து ஊகித்து எடுப்பது. சறுக்கல்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

பாறை மேலே வருவதையும் தரை மேலே வருவதையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது மிகப் பழைய சறுக்கல். பல்லாவரம் குன்றில் இருக்கும் சார்னக்கைட், பூமியின் மேலோட்டில் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் உருவான பாறை. இன்று அதைக் கையால் தொடலாம். பாறை அத்தனை தூரம் மேலே வந்திருக்கிறது. பல்லாவரம் என்னவோ கடல் மட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மேலே மூடியிருந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது, அவ்வளவுதான். பாறை உயர்ந்த அளவிலிருந்து அரிப்பில் போன அளவைக் கழித்தால்தான் தரை உயர்ந்த அளவு கிடைக்கும். சின்னக் கழித்தல்தான். ஆனாலும் பீட்டர் மோல்னார், ஃபிலிப் இங்கிலாந்து என்ற இரண்டு புவி ஆய்வாளர்கள் 1990இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதிப் புரியவைக்க வேண்டியிருந்தது.

அப்படைட் என்ற தாதுவுக்குள் யுரேனியம் பிளந்து விட்டுப்போகும் நுண்ணிய கீறல்களை எண்ணினால், அந்தப் பாறை ஏறத்தாழ 110 டிகிரிக்குக் கீழே எப்போது குளிர்ந்தது என்று தெரியும். அதாவது அரிப்பு எப்போது வேகமெடுத்தது என்று தெரியும். அதற்குக் காரணம் மலை உயர்ந்ததாக இருக்கலாம். வெறுமனே மழை கூடியதாகவும் இருக்கலாம். ஒரு தோணியில் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். மேல் வரிசையை இறக்கினால் தோணி எழும்பும், ஆனால் அடுக்கின் உச்சி முன்பைவிடத் தாழ்ந்துதான் இருக்கும். பூமியின் மேலோடும் அப்படித்தான் மிதக்கிறது. சீராக 1 கிலோமீட்டர் அரித்துப் போனால் அடிப்பாறை 800 மீட்டர் அளவுக்கு எழும்பும். தரை 200 மீட்டர் போலத் தாழும். இதையே பள்ளத்தாக்குகளில் மட்டும் அரித்துப் பாருங்கள்: சராசரி உயரம் குறையும்போதே சிகரங்கள் உயரும்!

அடுத்தது, குளிரை உயரம் என்று வாசித்துவிடுவது. 1 கிலோமீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. தரையில் அது சரிவுக்குச் சரிவு மாறும். அது போகட்டும். 5 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகமே இன்றைவிட 10 டிகிரி வாக்கில் வெப்பமாக இருந்தது. ஓரிடத்தில் வெப்பத் தாவரங்கள் போய்க் குளிர்த் தாவரங்கள் வந்தால், நிலம் அசையாமலேயே ஒன்றரை கிலோமீட்டர் 'உயர்ந்துவிட்டது' என்று கணக்கு காட்டும். அதே காலத்து, அதே அட்சரேகைக் கடலோரத் தாவரங்களோடு ஒப்பிடாமல் இலைகளை வைத்து உயரம் சொல்லக் கூடாது.

சரி, மழைக்கு வருவோம். ஆக்சிஜன் அணுக்களில் ஏறத்தாழ 500இல் ஒன்று கனமானது, ஆக்சிஜன்-18. மேகம் மலைச்சரிவில் ஏறும்போது கன அணு உள்ள நீர் முதலில் கொட்டிவிடும். மேலே போகப் போக மழையில் அது குறையும். 1 கிலோமீட்டருக்கு ஆயிரத்தில் 2.8 பங்கு என்பது பல மலைகளில் கண்ட சராசரி. அந்த மழை மண்ணில் ஊறி உண்டாக்கும் சுக்கான் கல்லிலும், ஏரியடிச் சுண்ணாம்பிலும் இந்தக் கணக்கு பதிவாகிவிடும். அழகான முறைதான், குழிகளும் ஏராளம். இமயத்தின் தென்சரிவில் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. அங்கிருந்து திபெத் பீடபூமியில் வடக்கே போனால், உயரம் குறையாமலேயே மழையில் கன ஆக்சிஜன் கூடுகிறது. அந்த ஈரப்பதம் வேறு திசைகளிலிருந்து வருகிறது. ஏரி வற்றினால் லேசான நீர் ஆவியாகிக் கனமானது தங்கிவிடும், கணக்கில் இடம் தாழ்வாகத் தெரியும். கல் புதைந்து சூட்டில் மறுபடியும் படிகமானாலோ, பெரும்பாலும் உண்மைக்கு மீறிய உயரம் தெரியும்.

இந்தக் கடைசிக் குழியைக் கண்டுபிடிக்க ஒரு வழி வந்திருக்கிறது. கன கார்பனும் கன ஆக்சிஜனும் கல்லுக்குள் எவ்வளவு சேர்ந்தே இருக்கின்றன என்று பார்த்தால், கல் உருவான வெப்பநிலையே கிடைத்துவிடும். ஜான் ஐலரின் ஆய்வுக்குழுவில் இருந்த புரோசன்ஜித் கோஷ் 2006இல் தென் அமெரிக்காவின் அல்டிபிளானோ பீடபூமியில் இதைச் செய்து காட்டினார். மண்ணில் விளைந்த சுக்கான் கல்லுக்கு 70 டிகிரி என்று விடை வந்தால், அதைக் கீழே வைத்துவிட்டு வேறு கல்லை எடுக்க வேண்டியதுதான்.

பிழை வரம்பை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஒரு வழக்கம். தெற்குத் திபெத்தின் நம்லிங் படுகையில் கிடைத்த 1.5 கோடி ஆண்டுப் பழைய இலைகள், இடம் அப்போதே இன்றைய உயரத்தில், 4,600 மீட்டர் வாக்கில், இருந்ததாகச் சொல்கின்றன. கூடவே 800, 900 மீட்டர் கூடலாம், குறையலாம் என்றும் சொல்கின்றன. செய்தியில் இரண்டாவது பாதி வராது.

இனி என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம்: நடுத் திபெத்தின் லுன்போலா படுகை. டேவிட் ரௌலியும் பிரையன் கர்ரியும் 2006இல் அதன் ஏரிச் சுண்ணாம்பை ஆராய்ந்து, குறைந்தது 3.5 கோடி ஆண்டுகளாகவே அது 4 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது என்றார்கள். 2019இல் அதே படுகையிலிருந்து விசிறி போன்ற பனையோலைகள் வெளிவந்தன. வயது சுமார் 2.55 கோடி ஆண்டு. உறைபனி பனையைக் கொன்றுவிடும் என்பதால், இடம் 2.3 கிலோமீட்டருக்கு மேல் இருந்திருக்க முடியாது என்று ஓலைகளை ஆராய்ந்தவர்கள் முடிவு கட்டினார்கள். அதற்கு முன்பே, 2017இல், ஒரு மீனும் வந்திருந்தது: இயோஅனபாஸ். நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கு உறவு; காற்றை மூச்சிழுத்துக்கொண்டு வெதுவெதுப்பான தேங்கிய நீரில் வாழும் சாதி. (பனையேறியைப் பனைமரத்தில் பார்த்ததாக டேனிஷ் அதிகாரி டால்டோர்ஃப் எழுதியது தரங்கம்பாடியிலிருந்து, அச்சேறியது 1797இல். இங்கேயும் பனையும் பனையேறியும் ஒன்றாகவே கிடைத்திருக்கின்றன.)

ஒரே படுகை, இரண்டு விடைகள். யாரோ ஒருவர் தப்பாக அளந்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். மேகம் தெற்கிலிருந்த காங்டீஸ் மலைத்தொடரின் முகட்டைத் தாண்டும்போதே தன் கன நீரை இழந்திருக்கும். அப்புறம் முகட்டுக்கு அப்பால் தாழ்ந்த பள்ளத்தாக்கில் பெய்தாலும், அந்த மழையில் இருப்பது முகட்டின் முத்திரை. ஏரிச் சுண்ணாம்பு எழுதி வைத்தது மலையின் உயரத்தை. ஓலை எழுதி வைத்தது தான் நின்ற மண்ணின் உயரத்தை. இப்படி வாசித்தால் இரண்டு சாட்சியும் பொய் சொல்லவில்லை. புதைபடிவத் தாவரங்களை ஆராயும் ராபர்ட் ஸ்பைசர் போன்றவர்கள் இப்படித்தான் வாசிக்கிறார்கள், எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. திபெத் முழுதும் ஒரே பலகையாக மேலே வந்தது என்று வைத்துக்கொண்டு தேதி கேட்டதுதான் பிழை. தெற்கிலும் வடக்கிலும் உயர்ந்த மலைகள், நடுவில் வெதுவெதுப்பான பள்ளம். இரு பக்கத்திலிருந்தும் இறங்கிய மண் பள்ளத்தை நிரப்பியது, அடியில் மேலோடு நெருக்குண்டு தடித்தது. பனையேறியின் உறவு நீந்திய சேறு இப்போது 4,500 மீட்டருக்கு மேல் கல்லாகக் கிடக்கிறது.