குரலுக்கு இடம் விடும் கிட்டார்: வீட்டுப் பதிவை மிக்ஸ் செய்யும் முறை

ஒரு குரலும் ஓர் அகூஸ்டிக் கிட்டாரும் மட்டுமே உள்ள பாடலை மிக்ஸ் செய்வது, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சமப்படுத்திக் கலப்பது, எளிது என்று தொடக்கத்தில் தோன்றும். டிராக்குகள் (தனித்தனி ஒலிப்பதிவுகள்) குறைவு என்பது உண்மைதான். ஆனால் குறைகளை மறைக்க வேறு வாத்தியம் எதுவும் இல்லாததால், ஒவ்வொரு பிசிறும் அப்படியே காதில் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், இரண்டு ஒலிகளும் ஒரே பகுதியில் குடியிருப்பதுதான். விரல் வைக்காமல் மீட்டும்போது கிட்டாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 82 அதிர்வுகள்), மிக மெல்லிய தந்தி 330 ஹெர்ட்ஸிலும் அதிர்கின்றன. பாடும் குரலின் சுரங்களில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள்ளோ அதற்குச் சற்று மேலோ அமைகிறது. சொற்களைத் தெளிவாக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியிலும், தந்தியில் பிக் (மீட்டும் சிறு தகடு) உரசும் ஓசை வந்து மோதுகிறது. ஆகவே குரல் மங்கலாகக் கேட்டால் உடனே அதன் ஒலியளவை ஏற்றாமல், கிட்டாரில் அதற்கு இடம் ஒதுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் இந்த ஒரு நோக்கத்தையே சுற்றி வருகின்றன. ரீப்பர், ஆடாசிட்டி, கராஜ்பேண்ட் போன்ற மென்பொருள்களில் இவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

படி 1: பதிவைச் சுத்தம் செய்தல்

பாடாத இடங்களில் குரல் டிராக்கில் இருக்கும் மின்விசிறி ஓசை, நாற்காலி நகரும் ஓசை ஆகியவற்றை வெட்டி, வெட்டிய ஓரங்களில் சிறிய ஃபேடு (ஒலி படிப்படியாக ஏறவோ இறங்கவோ செய்வது) கொடுங்கள். மூச்சொலிகளை முழுவதும் நீக்கிவிட வேண்டாம். உரக்கக் கேட்பவற்றை மட்டும் சில டெசிபெல் குறைத்தால் போதும், இல்லாவிட்டால் பாடல் உயிரற்றுப்போகும். உச்சத்தில் உடைந்த ஒலியையும், அறையின் எதிரொலி தூக்கலாகப் பதிந்த குரலையும் எந்தப் ப்ளக்-இன்னும் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) முழுமையாகச் சரிசெய்யாது. அத்தகைய வரிகளை மீண்டும் பாடிப் பதிவு செய்வதே நேரத்தை மிச்சப்படுத்தும் வழி.

வாசித்துக்கொண்டே பாடிய பதிவாக இருந்தால், குரல் மைக்கில் கிட்டாரும் கிட்டார் மைக்கில் குரலும் கலந்திருக்கும். அப்போது ஒரு டிராக்கின் போலாரிட்டியை மாற்றிப் பார்த்து (அதாவது அதன் ஒலி அலையைத் தலைகீழாக்கி), எந்த நிலையில் ஒலி கனமாகவும் நிறைவாகவும் இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இத்தகைய பதிவில் ஒரு டிராக்கில் செய்யும் மாற்றம் மற்றதன் தொனியையும் தொடும் என்பதை ஒவ்வொரு படியிலும் நினைவில் கொள்ள வேண்டும்.

படி 2: ஃபேடர்களால் மட்டும் சமநிலை

எந்தப் ப்ளக்-இன்னையும் திறக்காமல், குரலின் உச்சங்கள் மைனஸ் 10 டெசிபெல்லை (உச்ச எல்லையான 0-க்கு 10 டெசிபெல் கீழே) ஒட்டி நிற்குமாறு அதன் ஒலியளவை அமையுங்கள். பிறகு கிட்டாரின் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடு) முழுவதும் இறக்கி, பாடல் ஓடும்போதே மெல்ல மெல்ல ஏற்றுங்கள். குரல் ஆதாரமின்றித் தனித்து நிற்பதாகத் தோன்றும் நிலை மாறி, இரண்டும் ஒன்றாக நகர்வதாக உணரும் இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் ஸ்பீக்கர் அல்லது ஹெட்ஃபோனின் ஒலியை மிகவும் குறைத்து, மோனோவில் (இடம், வலம் எனப் பிரிக்காமல் ஒரே ஒலியாக) கேளுங்கள். அந்த நிலையிலும் ஒவ்வொரு வரியின் சொற்களும் புரிந்தால் உங்கள் சமநிலை சரியானது. மிக்சிங்கின் மொத்த நேரத்தில் பெரும்பங்கை இந்தப் படிக்கே கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இங்கே அவசரப்பட்டவர்கள் பின்னால் ஈக்யூவோடு (அதிர்வெண் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) வீணாகப் போராட நேரிடும்.

படி 3: ஈக்யூ

குரலில் ஹை-பாஸ் ஃபில்டரை (குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி), ஆண் குரலுக்கு 80 ஹெர்ட்ஸ், பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸ் என்ற அளவில் தொடங்கி, குரல் மெலியத் தொடங்கும் வரை உயர்த்திவிட்டுச் சற்றே பின்வாங்குங்கள். கிட்டாரில் இதே தாராளத்தைக் காட்ட வேண்டாம். முழு இசைக்குழுவுக்கான பாடங்களில் கிட்டாரின் கீழ்ப்பகுதியை 150 ஹெர்ட்ஸ் வரை வெட்டச் சொல்வதுண்டு. அங்கே பேஸ் கிட்டார் இருக்கிறது. நம் பாடலில் கீழ்ச்சுரங்களுக்குக் கிட்டாரை விட்டால் வேறு ஆளில்லை. 60 அல்லது 70 ஹெர்ட்ஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மைக்கைக் கிட்டாரின் ஒலித்துளைக்கு நேராக வைத்திருந்தால் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை குமுறல் எழும். அங்கே 3 டெசிபெல் குறைத்துப் பாருங்கள். பெட்டிக்குள்ளிருந்து வருவது போன்ற ஒலி பெரும்பாலும் 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். இவற்றுக்குப் பிறகும் சொற்கள் மூழ்கினால், கிட்டாரில் 3,000 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு அகலமான வளைவில் 2 முதல் 3 டெசிபெல் வரை குறையுங்கள். கிட்டாரைத் தனியே கேட்டால் அது சற்று மங்கியதாகத் தோன்றும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் கேட்பவர் ஒருபோதும் அதைத் தனியே கேட்கப்போவதில்லை. ஈக்யூ முடிவுகளை இரண்டு டிராக்குகளும் சேர்ந்து ஒலிக்கும்போதே எடுக்க வேண்டும்.

படி 4: கம்ப்ரசர்

கம்ப்ரசரைப் (உரத்த ஒலியைத் தானாகக் குறைக்கும் கருவி) போடும் முன், உரக்கப் பாடிய சொற்களையும் அடங்கிப்போன சொற்களையும் கையாலேயே ஏற்றி இறக்கி ஓரளவு சமப்படுத்துங்கள். வேலை பாதியாகக் குறையும், குரலும் நசுங்காது. பிறகு குரலுக்கு 3:1 விகிதம் (எல்லையைத் தாண்டும் ஒலியளவை மூன்றில் ஒரு பங்காக்குவது), 10 மில்லி விநாடி அட்டாக் (குறைக்கத் தொடங்கும் வேகம்), 80 மில்லி விநாடியை ஒட்டிய ரிலீஸ் (குறைப்பதை விடும் வேகம்) என்று தொடங்கி, உரத்த இடங்களில் 3 முதல் 5 டெசிபெல் வரை குறையுமாறு த்ரெஷோல்டை (கம்ப்ரசர் செயல்படத் தொடங்கும் ஒலியளவு எல்லை) அமையுங்கள். கம்ப்ரசருக்குப் பின் ச, ஸ, ஷ ஒலிகள் கூர்மையாகக் குத்தினால், 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையில் ஒரு டி-எஸ்ஸரை (இவ்வொலிகளை அடக்கும் கருவி) மென்மையாகப் பயன்படுத்துங்கள்.

கிட்டாருக்கு 2 டெசிபெல் குறைப்பே மிகுதி. விரலால் மீட்டிய பாடலாக இருந்தால் கம்ப்ரசரே தேவைப்படாமல் போகலாம்.

படி 5: இடமும் வலமும்

குரல் நடுவில் இருக்கட்டும். ஒரே கிட்டார் என்றால் அதையும் நடுவிலோ மிகச் சற்று ஒதுக்கியோ வையுங்கள். அகலம் வேண்டுமென்றால் அதே பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பதிவு செய்து, ஒன்றை இடத்திலும் மற்றதை வலத்திலும் வைக்கலாம். ஒரே பதிவை நகலெடுத்துச் சில மில்லி விநாடி தள்ளிவைக்கும் குறுக்குவழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்: மோனோவில் கேட்கும்போது அந்த இரு நகல்களும் சேர்ந்து சில அதிர்வெண்களை ஒன்றையொன்று அழித்துவிடுவதால் கிட்டார் உள்ளீடற்று ஒலிக்கும்.

படி 6: ரிவெர்ப்

ரிவெர்ப்பை (அறை எதிரொலி விளைவு) ஒரு தனி சென்ட் டிராக்கில் (பிற டிராக்குகளின் ஒலியை அனுப்பும் டிராக்) வைத்து, குரலையும் கிட்டாரையும் அதே ரிவெர்ப்புக்கு வெவ்வேறு அளவில் அனுப்பினால், இரண்டும் ஒரே அறையில் இருப்பதாகக் கேட்கும். ஒலி அடங்கும் நேரம் 1.2 முதல் 1.8 விநாடி வரை போதும். ப்ரீ-டிலேயை (எதிரொலி தொடங்குமுன் உள்ள இடைவெளி) 20 முதல் 40 மில்லி விநாடி வரை வைத்தால், சொல் முதலில் தெளிவாக வந்து சேர்ந்த பிறகே எதிரொலி தொடரும். ரிவெர்ப் டிராக்கிலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அளவு சரியா என்று அறிய, ரிவெர்ப் தனியாகக் காதில் படும் வரை ஏற்றி, பிறகு சற்றுக் குறையுங்கள்.

படி 7: ஆட்டோமேஷனும் ஏற்றுமதியும்

குரல் வராத முன்னிசையிலும் இடையிசையிலும் கிட்டாரை ஒன்று அல்லது ஒன்றரை டெசிபெல் உயர்த்தி, பாடல் வரி தொடங்கும்போது மீண்டும் இறக்குங்கள். ஆட்டோமேஷன் எனப்படும் இந்தச் சிறிய அசைவு, ஈக்யூவால் கிடைக்காத ஒரு மூச்சைப் பாடலுக்குத் தரும்.

இறுதியாக மாஸ்டரில் (எல்லா டிராக்குகளும் சேரும் இடம்) லிமிட்டர் (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) வைத்து, ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபெல்லைத் தாண்டாமல் 24-பிட் வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஸ்பாட்டிஃபை தன் இயல்பு அமைப்பில் பாடல்களின் ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்குச் சரிசெய்து ஒலிபரப்புவதால், இத்தகைய மென்மையான பாடலை லிமிட்டரால் நெருக்கி உரக்கச் செய்வதில் பயன் இல்லை. குரலை மட்டும் 1 டெசிபெல் ஏற்றிய இன்னொரு கோப்பையும் அதே நேரத்தில் எடுத்து வையுங்கள். மறுநாள் இரண்டையும் கைப்பேசியிலும் ஹெட்ஃபோனிலும் அடுத்தடுத்துக் கேட்டு, எதில் பாடலின் பொருள் முழுமையாக வந்து சேர்கிறதோ அதை வெளியிடுங்கள்.