126-க்குக் கீழே ஒரு 7: அலகுக் குழப்பத்தைத் தீர்த்த என் அனுபவம்

இரண்டு ஆய்வகங்களிலிருந்து வந்த இரத்தச் சர்க்கரை முடிவுகளை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்தபோது, 'குளுக்கோஸ்' என்ற பத்தியில் 126-க்குக் கீழே 7 என்று ஒரு வரி நின்றது. தட்டச்சுப் பிழை என்றே முதலில் நினைத்தேன். உண்மையில் முன்னது டெசிலிட்டருக்கு மில்லிகிராம், பின்னது லிட்டருக்கு மில்லிமோல். ஏழைப் பதினெட்டால் பெருக்கிப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒரே அளவு என்பது புரிந்தது. இரண்டும் எண்களாக இருந்ததால் தரவுத்தளம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டிருந்தது.

லிங்க்எம்எல் என்ற திறமூலக் கருவியைக் கொண்டு இதைச் சரிசெய்தேன். யாமல் எனும் எளிய உரைவடிவக் கோப்பு ஒன்றில் தரவின் மாதிரியை, அதாவது என்னென்ன புலங்கள், அவற்றுக்கு என்ன விதிகள் என்பதை, எழுதிவிட்டால், ஜேசன் தரவின் அமைப்பை விவரிக்கும் ஜேசன் ஸ்கீமா, தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல் அட்டவணைகள், இணைப்புத் தரவைச் சரிபார்க்கும் ஷேக்கல் விதிகள், பைத்தான் நிரலுக்கான வகுப்புகள் அனைத்தையும் அதிலிருந்தே உருவாக்கிக்கொள்ளலாம். மதிப்பையும் அலகையும் தனிப் புலங்களாகப் பிரித்து, அலகைக் கட்டாயமாக்கி, இந்த இரண்டு அலகுகளை மட்டும் அனுமதித்தேன். மில்லிகிராம் முடிவுக்கு 2345-7, மில்லிமோல் முடிவுக்கு 14749-6 என, ஆய்வகச் சோதனைகளை அடையாளம் காட்டும் லாயின்க் குறியீடுகளையும் மாதிரியிலேயே குறித்தேன். அதன்பின் அலகில்லாத வரிகளைச் சரிபார்ப்புக் கருவி உடனே நிராகரித்தது.

இடையில் ஓர் அசட்டுத்தனமும் செய்தேன். அவசரத்தில், உருவாகி வந்த எஸ்க்யூஎல் கோப்பையே கையால் திருத்த, மறுமுறை உருவாக்கியபோது அத்திருத்தம் சுவடின்றி மறைந்தது. இப்போது அக்கோப்புகள் தனிக் கோப்புறையில், படிக்க மட்டுமான அனுமதியோடு இருக்கின்றன.