இரண்டு தனி டிக்கெட்டும் வேறு சில தவறுகளும்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், தன் முதல் வெளிநாட்டு மாநாட்டுக்கான பயணத் திட்டத்தைக் கொண்டுவந்து காட்டினார். "பாதிக்குப் பாதி மிச்சம் சார்" என்று முகமெல்லாம் சிரிப்பு. எனக்கோ வயிற்றைப் பிசைந்தது. 11 வருடங்களுக்கு முன் நான் போட்ட அதே திட்டம். ஊர்களின் பெயர்தான் வேறு.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். பாஸ்போர்ட்டை மறக்காதே, ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

கட்டுரை ஏற்கப்படும்வரை விசா வேலையைத் தொடாமல் இருப்பது

மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டு, அழைப்புக் கடிதம் கையில் வந்தால்தான் விசா வேலை தொடங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு வழக்கமாக 15 நாள், சிக்கலான விண்ணப்பம் என்றால் 45 நாள்வரை ஆகலாம். இந்தக் கணக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் நேர்காணலுக்கு நாள் கிடைக்க எத்தனை வாரம் போகும் என்பது யார் கையிலும் இல்லை. அதனால் வங்கிக் கணக்கு அறிக்கை, அலுவலகக் கடிதம், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள். கடிதம் வந்த அன்றே விண்ணப்ப வேலையில் இறங்கலாம்.

கடிதத்தில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். கட்டுரையில் போட்டுக்கொள்ளும் பெயர் இங்கே உதவாது. பல மாநாடுகள் பதிவுக் கட்டணம் கட்டிய பிறகுதான் கடிதமே தரும். விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் திரும்ப வருமா என்பதைக் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

பாஸ்போர்ட்டின் முடிவுத் தேதியை எல்லோரும் பார்க்கிறார்கள். ஷெங்கன் நாடுகளுக்கு அது மட்டும் போதாது. அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்; பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

இரண்டு மலிவான டிக்கெட்டை ஒட்டவைப்பது

இதைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

நான் செய்தது இதுதான். மாநாட்டு ஊருக்கு நேராக ஒரே டிக்கெட் எடுத்தால் விலை அதிகம். நடுவில் ஒரு பெரிய விமான நிலையம்வரை ஒரு நிறுவனத்தில் போக வர ஒரு டிக்கெட், அங்கிருந்து மாநாட்டு ஊருக்கு இன்னொரு நிறுவனத்தில் போக வர இன்னொரு டிக்கெட் என்று எடுத்தேன். இரண்டுக்கும் இடையில் மூன்றரை மணி நேரம். தாராளம் என்று நினைத்தேன்.

முதல் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதம். ஒரே டிக்கெட்டில் பயணம் செய்பவர் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து, நேராக அடுத்த கேட்டுக்குப் போய்விடுவார். பெட்டி தானாகப் போய்ச் சேரும். தனி டிக்கெட்காரன் கதை அப்படியில்லை. இமிகிரேஷன் வரிசையில் நின்று அந்த நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டும். பெட்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அதை இழுத்துக்கொண்டு புறப்பாட்டுப் பகுதிக்குப் போய் மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். நான் கவுன்டரை எட்டியபோது விமானம் புறப்பட இன்னும் 40 நிமிடம் இருந்தது. செக்-இன் மூடியாகிவிட்டது.

"என் முதல் விமானம் தாமதமாகிவிட்டது" என்றேன். "அது எங்கள் விமானம் இல்லையே" என்றார் அந்தப் பெண். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு டிக்கெட் என்றால் நீங்கள் வெறுமனே நேரத்துக்கு வராத பயணி.

கடைசி நேர விலையில் புதிதாக ஒருவழி டிக்கெட் எடுத்து மறுநாள் போய்ச் சேர்ந்தேன். நான் பேச வேண்டிய அமர்வு முடிந்திருந்தது. சரி, இதோடு போயிற்று என்று பார்த்தால், திரும்பும் நாளில் இன்னொரு அடி. இரண்டாவது டிக்கெட்டில் போகும் பயணத்தைத் தவறவிட்டதால் திரும்பும் பயணத்தையும் ரத்து செய்திருந்தார்கள். டிக்கெட்டின் ஒரு பகுதியில் ஏறாவிட்டால் மீதிப் பகுதிகளும் போய்விடும் என்பது பெரும்பாலான விமான நிறுவனங்களின் விதி. எனக்கு அது விமான நிலையத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. நேரடி டிக்கெட்டைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவானது, பேசாத ஒரு பேச்சுக்கு.

நம் புதியவரின் திட்டத்தில் இதைவிடப் பெரிய ஓட்டை இருந்தது. நடுவில் இறங்கும் நாட்டுக்கு அவரிடம் விசாவே இல்லை. "நான் ஊருக்குள்ள போகலையே சார், ஏர்போர்ட்லதானே இருப்பேன்" என்றார். பெட்டியை எடுக்க வெளியே வந்தால் அது நாட்டுக்குள் நுழைவதுதான். பெட்டியே இல்லாவிட்டாலும் எல்லா இடத்திலும் தப்ப முடியாது. அமெரிக்காவில் விமானம் மாறுபவர்களும் இமிகிரேஷனைத் தாண்டியே ஆக வேண்டும். அங்கே சர்வதேசப் பயணிகளுக்கென்று தனி இடைவழிப் பகுதி கிடையாது. ஷெங்கன் நாடுகளுக்குள் ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொரு ஷெங்கன் நகரத்துக்குப் பறந்தால், முதல் இடத்திலேயே நுழைந்ததாகக் கணக்கு. இன்னொரு பொறி: லண்டன் என்று இரண்டு டிக்கெட்டிலும் போட்டிருக்கும். ஒன்று ஹீத்ரோ விமான நிலையம், மற்றது கேட்விக் விமான நிலையம். நடுவில் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிவந்தால் பல நாடுகள் விமான நிறுவனத்துக்கே அபராதம் போடுகின்றன. அதனால் உங்களைத் தடுத்து நிறுத்துவது அந்த நாட்டு அதிகாரியாகக்கூட இருக்காது. கிளம்பும் ஊரிலேயே, செக்-இன் கவுன்டரிலேயே வேலை முடிந்துவிடும்.

சில இணையதளங்கள் இந்த ஒட்டுவேலையை நமக்காகச் செய்து ஒரே பயணம்போலக் காட்டும். எங்காவது சின்ன எழுத்தில் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' (விமானம் மாறுவது உங்கள் பொறுப்பு) என்று இருக்கும். அந்தச் சொல்லைக் கண்டால் பக்கத்தை மூடிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் பணம் கட்டும் முன் ஒரே கேள்வி: பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா?

எப்படியாவது மிச்சம் பிடித்தே ஆக வேண்டும் என்றால் நடுவில் ஒரு இரவு தங்குங்கள், விசா இருந்தால். புதியவர் டிக்கெட்டை மாற்றிவிட்டார். ரத்துக் கட்டணத்தைப் பற்றி என்னிடம் இன்னும் முறையிடுகிறார்.

தங்குமிடம் பற்றி வரும் அழைப்பு

பதிவு செய்த சில நாளில், "மாநாட்டின் அதிகாரப்பூர்வத் தங்குமிடப் பிரிவிலிருந்து பேசுகிறோம், அறைகள் தீர்ந்துகொண்டிருக்கின்றன" என்று போனோ மின்னஞ்சலோ வரலாம். பேச்சாளர் பட்டியல் பொதுவில் இருப்பதால் உங்கள் பெயரும் தலைப்பும்கூடச் சரியாகச் சொல்வார்கள். மோசடியாக இருக்கலாம், கார்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். மாநாட்டின் இணையதளத்தில் உள்ள இணைப்பு வழியாக மட்டும் பதியுங்கள்.

இமிகிரேஷனில் "வேலையாக வந்தேன்" என்பது

நாம் சாதாரணமாகச் சொல்வதுதான். அந்த அதிகாரிக்கு வேலை என்றால் சம்பளத்துக்கு வேலை. "மாநாட்டில் கலந்துகொள்ள" என்று சொல்லுங்கள். அழைப்புக் கடிதத்தையும் திரும்பும் டிக்கெட்டையும் காகிதத்தில் கையில் வைத்திருங்கள். போனில் சார்ஜ் தீர்வதும் அந்த வரிசையில்தான்.

பவர் பேங்க்

கைப்பையில். கீழே அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது.

பேச வேண்டிய நாள் காலையில் போய் இறங்குவது

வேண்டாம். கிழக்கு நோக்கிப் பறந்து தூக்க நேரம் குலைந்திருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

கார்டு இயந்திரம் கேட்கும் கேள்வி

உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா என்று திரையில் கேட்கும். நம் பணத்தில் தொகையைப் பார்த்ததும் கை தானாக அதை அழுத்தும். அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்குப் பின்னால் இருப்பவர்கள் வைப்பார்கள், அதில் அவர்களுக்கு லாபமும் உண்டு. எப்போதும் உள்ளூர்ப் பணம்.

பெட்டி வராதபோது அறைக்குப் போய்விடுவது

நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று வெளியே வந்துவிடாதீர்கள். விமான நிலையத்திலேயே புகார் பதிந்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு வாங்கும் உடைகளின் ரசீதையும் வையுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமானால் கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமானால் வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். நாள் தாண்டினால் பேச்சு எடுபடாது. ஸ்லைடுகளும் ஒரு நாள் உடையும் எப்படியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

போர்டிங் பாஸைத் தூக்கி எறிவது

பயணச் செலவைத் திரும்பப் பெறுவதாக இருந்தால், அலுவலகம் இதைக் கேட்கக்கூடும். டிக்கெட் வாங்கியதற்கு ரசீது போதும்; ஏறியதற்குச் சாட்சி இதுதான். போனில் வந்த போர்டிங் பாஸ் பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து மறைந்துவிடலாம், அதனால் ஏறும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். என்னுடைய ஒன்றை நடுவழியில் ஒரு புத்தகத்துக்குள் அடையாளமாகச் செருகி, அந்தப் புத்தகத்தை விமான இருக்கையிலேயே விட்டுவந்தேன். அந்தப் பயணத்தின் பணம் வர ஏழு மாதம் ஆனது.