பாடுகளின் நடுவே புலம்பல் ஜெபம் செய்வது எப்படி?

வேலை போனாலும், நோய் வந்தாலும், முதல் வாரத்திலேயே "இதில் தேவனுடைய நோக்கம் என்ன?" என்று தேட ஆரம்பிக்காதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் கொடுத்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்தான். சாப்பிட்டு, தூங்கி, மறுபடி சாப்பிட்டு, ஓரேப் மலை வரை நடந்த பிறகுதான் "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்வி கர்த்தரிடமிருந்து வருகிறது. வேளைக்குச் சாப்பாடு, தூக்கம், இரண்டும் முதலில். உபவாச ஜெபம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது புலம்பல், அதாவது மனவேதனையை மறைக்காமல் கர்த்தரிடம் முறையிடுவது. வேதத்திலுள்ள ஜெபப் பாடல்களான 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஆராதனையில் அவற்றை அதிகம் பாடாததால், கர்த்தரிடம் முறையிடுவதே அவிசுவாசம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சிலுவையில் இயேசு சொன்னதே 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி!

பழகுவதற்கு ஏற்றது 13ஆம் சங்கீதம். ஆறே வசனங்கள். ஒரு நோட்டு, தினமும் ஒரே நேரம், 15 நிமிடம் போதும். முதலில் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, அதே வரிசையில் உங்களுடையதை எழுதுங்கள்.

1, 2 வசனங்கள் முறையீடு. "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறான். இங்கே "என் கஷ்டத்தைப் பாரும்" என்று பொதுவாக எழுதினால் ஜெபம் பிடிகொடுக்காது. "மூன்றாவது கீமோ முடிந்தும் கட்டி கரையவில்லை. 5ஆம் தேதி வட்டி கட்ட வேண்டும், கையில் பணமில்லை. அண்ணன் போனை எடுப்பதில்லை." இப்படி எழுதுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே எழுதலாம்.

3, 4 விண்ணப்பம். இன்றைக்கு வேண்டியதை, ஒன்றே ஒன்றை, நேராகக் கேளுங்கள். தன்னை வருத்திய ஒரு பாட்டை "முள்" என்று சொன்ன பவுலும், அது நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, கிருபை போதும் என்ற பதில்தான் வந்தது. அதற்காகக் கேட்டது தவறு என்று ஆகவில்லை.

5, 6 நம்பிக்கை. பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். மனதில் இல்லாததை வற்புறுத்தி எழுதினால் நாலு நாளில் நோட்டையே மூடிவிடுவீர்கள். வரவில்லையென்றால் இடம் விட்டுவிடுங்கள். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது.

வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை இந்த நேரத்தில் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அது ஜெபிக்க ஒரு வசனம். அந்த வருஷத்துக்கான ஜாதகம் இல்லை. "எந்தப் பாவத்துக்கு இது?" என்று துருவும் உறவினருக்கு யோவான் 9:3ஐக் காட்டலாம்: பிறவிக் குருடனைப் பற்றி, அது அவன் பாவமும் அல்ல, பெற்றோரின் பாவமும் அல்ல என்று இயேசு சொன்னது. எல்லாவற்றையும் இழந்த யோபின் சிநேகிதர்களும், அவனைக் குற்றம் சொல்லத் தொடங்கும் முன், ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள்.

புருஷன் அடிப்பதை "என் சிலுவை" என்று சுமக்கச் சொல்வது போதனையே அல்ல. சவுல் ராஜாவின் ஈட்டிக்குத் தப்பி தாவீது அந்த இரவே ஓடிப்போனான். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டுங்கள். கேட்டது எது மாறியிருக்கிறது, யார் பெயர் அடிக்கடி வருகிறது என்று பென்சிலால் கோடிடுங்கள். நோக்கம் என்று ஒன்று தெரியத் தொடங்கினால் பெரும்பாலும் 2 கொரிந்தியர் 1:4 வழியாகத்தான்: பெற்ற ஆறுதலை எந்த உபத்திரவத்தில் இருப்பவருக்கும் கொடுப்பது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, கையால் ஆகிற ஓர் உதவி செய்யுங்கள். ஸ்கேன் எடுக்கத் துணைக்குப் போகலாம், பிள்ளைகளை அரை நாள் பார்த்துக்கொள்ளலாம். சபையில் உங்கள் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லக் கூப்பிட்டால் அவசரப்பட வேண்டாம். சொல்லும்போது இன்னும் தொண்டை அடைக்கிறதென்றால், இன்னும் சில மாதம் தள்ளிப்போடச் சொல்லிப் பாஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.